றவைக் கஞ்சியும் ஒரு போடியாரின் பொட்டாசியமும்

குருதிப் பொட்டாசியம் 6.1, அளவுக்கு மேல், என்று எழுதிய ஆய்வுகூடத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த மகள், கதிரையில் இருக்கவும் இல்லை. "மிஸ்ஸி, நீங்க தந்த தாளில இருந்த கோதுமைக் கஞ்சியைத்தான் அஞ்சு கிழமையா குடுத்தம். வேற ஒண்டும் மாத்தல்ல" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. தாளைக் கொடுத்தது நான்தான்.

நான் மட்டக்களப்பில் ஒரு சிறுநீரகக் கிளினிக்கில் வேலை செய்யும் தாதி. போசணையாளர் ஒவ்வொரு நாளும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. அதனால் சாப்பாட்டு ஆலோசனையில் பாதி எங்கள் தலையில்தான் விழும். இந்த நிகழ்வை எழுதுவதற்குக் காரணம் அந்தத் தாள்.

போடியாருக்கு 67 வயது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்தவர். வயல் வைத்திருக்கும் பெரியவரை எங்கள் பக்கம் அழைப்பதுபோல, ஊரில் எல்லோரும் அவரைப் போடியார் என்றுதான் சொல்வார்கள். இங்கும் அப்படியே இருக்கட்டும். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சீனி வருத்தம் 18 வருடமாக, பிரஷர் 12 வருடமாக. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் ஈஜிஎஃப்ஆர் 26, அது 15க்கும் 29க்கும் இடையில் இருந்தால் சிறுநீரக வருத்தத்தின் நான்காம் கட்டம். டயலிசிஸ் தொடங்கவில்லை. நிறை 58 கிலோ. இன்சுலின் போடுகிறார், பிரஷருக்கு லோசாட்டன் எடுக்கிறார். லோசாட்டன் சிறுநீரகத்துக்கு நல்ல மருந்து, ஆனால் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். அவருடைய பொட்டாசியம் அதுவரை 4.8க்கும் 5.1க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை 5.4 ஆனபோது காலைச் சாப்பாட்டைக் கேட்டேன். ஒரு நாள் குரக்கன் கஞ்சி, மறுநாள் ஓட்ஸ். சீனிக்கு நல்லது என்று யாரோ சொல்லி, பத்து வருடமாக அதுதான்.

இங்கேதான் சீனி வருத்தமும் சிறுநீரக வருத்தமும் ஒரே கோப்பையில் சண்டை பிடிக்கின்றன. சீனிக்குத் தவிடு போகாத தானியம் நல்லது. சர்க்கரை மெதுவாக ஏறும். ஆனால் தளர்ந்த சிறுநீரகம் வெளியேற்றத் திணறும் பொட்டாசியமும் பொஸ்பரசும் தானியத்தில் தங்கியிருப்பது பெரும்பாலும் அந்தத் தவிட்டிலும் முளையிலும்தான். 100 கிராம் குரக்கனில் பொட்டாசியம் 400 மில்லிகிராமைத் தாண்டும். ஓட்ஸில் பொஸ்பரஸ் மட்டும் 400 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆகவே தாளை எடுத்துக் கொடுத்தேன். வெளிநாட்டுத் தாள் ஒன்றை யாரோ தமிழாக்கி, நிழற்பிரதி எடுத்து எடுத்து எழுத்து மங்கிப்போன ஒன்று. அதில் ஒரு வரி: "ஓட்ஸ், தவிட்டுத் தானியங்களுக்குப் பதிலாகச் சூடான கோதுமைத் தானிய உணவு உண்ணலாம்."

அந்த வரியை முதன்முதல் வாசித்தபோது அது என்ன சாப்பாடு என்று எனக்கே விளங்கவில்லை. விளங்காத ஒன்றை அப்படியே கையில் கொடுத்தேனே, அது என் பிழை.

அந்த வரியின் மூலம் அமெரிக்காவில் பலர் காலையில் குடிக்கும் 'கிறீம் ஒஃப் வீற்'. 1893-இல் வட டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில், வியாபாரம் படுத்திருந்த ஒரு மாவாலையில் பிறந்த சாமான் அது. கோதுமையை அரைக்கும்போது தவிடும் முளையும் நீங்கி, மாவாகப் பொடிபடாமல் நிற்கும் உட்பகுதிக் குருணலைப் பெட்டியில் அடைத்து விற்றார்கள். எங்கள் பாசையில் சொன்னால் நொய் றவை. கடையில் கிலோக்கணக்கில் தொங்கும் அதே றவைதான், மினுங்கும் பெட்டியும் கூடச் சேர்த்த இரும்புச்சத்தும் மட்டும் அதிகம். தாளைத் தமிழாக்கியவர் 'றவைக் கஞ்சி' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் இந்தக் கதை நடந்தே இராது.

றவை சிறுநீரகக்காரருக்கு ஏன் தோது என்பதற்குக் கணக்கு உண்டு. 100 கிராம் றவையில் பொட்டாசியம் 186, பொஸ்பரஸ் 136 மில்லிகிராம் அளவில் இருக்கும். தவிட்டோடு அரைத்த முழுக்கோதுமை மாவில் இரண்டும் 360ஐத் தொடும். தனித் தவிட்டில் இரண்டுமே ஆயிரத்தைத் தாண்டும். ஒரு ஆள் காலையில் குடிக்கும் கஞ்சிக்கு 40 கிராம் றவை போதும். அதில் பொட்டாசியம் 75, பொஸ்பரஸ் 55, புரதம் 5 கிராம். உப்பு என்று எதுவும் இல்லை. நான்காம் கட்டத்தில் இருப்பவருக்கு இதைவிட அடக்கமான காலைச் சாப்பாட்டைத் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

அப்படியானால் 6.1 எங்கிருந்து வந்தது?

முதல் வேலை, அந்த எண் உண்மைதானா என்று பார்ப்பது. ஊசியால் குருதி எடுக்கும்போதோ மாதிரியைக் கொண்டுபோகும்போதோ குருதிக் கலங்கள் உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி எண் பொய்யாக ஏறும். வைத்தியர் உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார்; மாற்றம் இல்லை. மறுபடி எடுத்த குருதியில் 5.9. பொய் இல்லை. பொஸ்பரஸ் 1.9 மில்லிமோல், எங்கள் ஆய்வுகூடத்தில் மேல் எல்லை 1.5. கால் வீங்கியிருந்தது, நிறை 60 ஆகியிருந்தது. ஓர் இரவு வார்டில் வைத்து, பொட்டாசியத்தைக் குடலில் பிடிக்கும் பவுடர் கொடுத்து, லோசாட்டனைப் பாதியாக்கி அனுப்பினார்கள். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர், "கோதுமையை விடுங்க, அது சூடு. பழையபடி குரக்கனுக்குப் போங்க" என்று புத்தி சொல்லியிருக்கிறார். போடியாரும் அதற்குத் தலையாட்டியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்கே போய்ச் சட்டியைப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

மாரி மழை. 2014-இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடக்கப் 'பாதை' என்ற மிதவைப் படகுக்காகக் காத்துநிற்கும் வேலை எங்களுக்கு இல்லை. இருந்தாலும் பாலத்துக்கு அப்பால் வயலும் வீதியும் ஒரே வெள்ளமாகக் கிடந்தன. போய்ச் சேரும்போது மகள் அடுப்பில் கஞ்சியை ஏற்றியிருந்தாள். எதுவும் பேசாமல் குந்திலிருந்து பார்த்தேன். போடியாரின் மனைவி ஒரு பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "நோயாளிக்கு வெறும் தண்ணியில கஞ்சி வைக்கிறதா? கேட்கவே வெட்கமா இருக்கு மிஸ்ஸி" என்றார். அந்த ஒரு வசனத்தில் மொத்தக் கேசும் அடங்கியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

சட்டிக்குள் போனவற்றை வரிசையாக எழுதிக்கொண்டேன். கனடாவில் இருக்கும் மூத்த மகள் தாளைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, பெட்டி இரண்டை அனுப்பியிருந்தாள். அதில் பெரும்பகுதி இரண்டு கிழமையில் முடிந்தது. பிறகு கடையில் 'கோதுமைக் கஞ்சி' என்று கேட்டு வாங்கியது முழுக்கோதுமையை அரைத்த மா. அதில் 40 கிராம். பால்மா குவித்து நான்கு மேசைக்கரண்டி, நிறுத்துப் பார்த்தால் 30 கிராம். கட்டித் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை. மூன்று பேரீச்சம்பழம், ஒரு வாழைப்பழம், வளவில் காய்த்த கஜு ஒரு பிடி. கடைசியாக உப்பு, ஆனால் சாதாரண உப்பில்லை. பிரஷருக்கு நல்லது என்று மகன் கொழும்பிலிருந்து வாங்கிவந்த 'சோடியம் குறைந்த உப்பு', கால் தேக்கரண்டி.

திரும்பிவரும் வழியில் கணக்குப் பார்த்தேன். முழுக்கோதுமை மாவில் பொட்டாசியம் 145 மில்லிகிராம். பால்மாவில் 400. வாழைப்பழத்தில் 360. பேரீச்சம்பழத்தில் 160. கஜுவில் 130. தேங்காய்ப்பாலில் 220. அந்த உப்பில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சோடியத்தைக் குறைக்க அவர்கள் அதில் மூன்றில் இரண்டு பங்கு பொட்டாசியம் குளோரைட்டைச் சேர்த்திருந்தார்கள். பைக்கட்டின் பின்னால் சிறிய எழுத்தில் இருந்தது. ஒன்றரைக் கிராம் உப்பில் பொட்டாசியம் மட்டும் 520. எல்லாம் கூட்டினால் ஒரு கோப்பைக்கு 1900 மில்லிகிராமுக்கு மேல். வைத்தியர் போடியாருக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதித்தது ஏறக்குறைய 2000. காலை எட்டு மணிக்கே அவருடைய நாள் முடிந்துபோகிறது. அந்த 1900-இல் கோதுமையின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை.

பொஸ்பரஸ் கணக்கு வேறு மாதிரி. பால்மாவில் 230, கோதுமையில் 140, கஜுவில் 120, தேங்காய்ப்பாலில் 100. எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் பொஸ்பரஸ் பெரும்பாலும் பைற்றேற் என்ற சேர்வையாகக் கட்டுண்டு கிடப்பதால் பாதிகூட உடம்பில் சேராது. பாலிலும் இறைச்சியிலும் இருப்பது அதைவிட அதிகம் சேரும். பைக்கட் உணவில் இரசாயனமாகச் சேர்க்கும் பொஸ்பேற் 90 சதவீதத்துக்கு மேல் சேர்ந்துவிடும். ஆகவே கனடாப் பெட்டிகளின் மட்டைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்று அடுப்பில் காய்ச்சும் சாதாரண வகை. மற்றது சுடுதண்ணீர் ஊற்றினால் போதும் என்ற சின்னப் பைக்கட் வகை; அதில் உப்பும் சீனியும் ஏற்கெனவே சேர்த்திருந்தது. கெதியாக வேகும் வகைகளில் டைசோடியம் பொஸ்பேற் சேர்ப்பதும் உண்டு. அமெரிக்க விதிகள் செறிவூட்டிய நொய் றவையில் அதை 0.5 முதல் 1 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. 40 கிராமில் ஒரு சதவீதம் என்றாலும் கூடுதலாக ஏறக்குறைய 85 மில்லிகிராம் பொஸ்பரஸ். றவைக்குள் இயல்பாக இருப்பதைவிட அதிகம், அதுவும் ஏறக்குறைய முழுவதும் சேரக்கூடியது. பெட்டியில் அச்சிட்ட போசணை அட்டவணையில் பொஸ்பரஸ் பெரும்பாலும் இருக்காது. சேர்பொருள் பட்டியலில் 'பொஸ்பேற்' என்ற வால் உள்ள பெயரையோ 339, 340, 341, 450, 451, 452 என்ற எண்களையோ தேட வேண்டும். ஆங்கிலம் தெரியாத மகளுக்கு எண்ணைத் தேடுவது இலேசாக இருந்தது. எண்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அதைச் சீனிப் போத்தலில் ஒட்டியிருக்கிறாள்.

மறு கிழமை மாற்றங்களைத் தொடங்கினோம். முதலில் உப்புப் பைக்கட்டை வீட்டைவிட்டே வெளியேற்றினோம். சாதாரண உப்பில் ஒரு சிட்டிகை போதும். நாளொன்றுக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள். முழுக்கோதுமை மாவுக்குப் பதில் வெள்ளை றவை, மட்டமாக நான்கு மேசைக்கரண்டி. அதை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, கால் லீற்றர் தண்ணீரில் ஒரு துண்டு கறுவாவும் தட்டிய இஞ்சியும் ஒரு ஏலமும் போட்டுக் காய்ச்சச் சொன்னேன். கடைசியில் ஒரு மேசைக்கரண்டி பால், நிறத்துக்கு. வாழைப்பழம், பேரீச்சம்பழம், கஜு மூன்றும் வேண்டாம். பக்கத்தில் ஒரு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு. 58 கிலோ ஆளுக்கு டயலிசிஸ் தொடங்கும்வரை நாளுக்கு 46 கிராம் புரதம் போதும் என்பது வழக்கமான கணக்கு. டயலிசிஸ் தொடங்கினால் கணக்குத் தலைகீழாகும். அப்போது புரதம் கூட வேண்டும். இந்தக் கோப்பையை அப்படியே பக்கத்து வீட்டு டயலிசிஸ்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று மகளிடம் இரண்டு தரம் சொன்னேன்.

மூன்றாம் நாளே போடியார் கோப்பையைத் தள்ளிவிட்டார். "காய்ச்சல்காரன் சாப்பாடு" என்றாராம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதில் இன்னும் இரண்டு சிக்கல் ஒளிந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஒன்று, கஞ்சி தண்ணீர். கால் வீக்கத்துக்காக வைத்தியர் அவருக்கு நாளுக்கு 1200 மில்லிலீற்றர் என்று அளவு வைத்திருந்தார். சோறு என்ற கணக்கில் கஞ்சியைக் குடித்துவிட்டு, தேத்தண்ணியை மட்டும் தண்ணீர் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இப்படித்தான். இரண்டு, நீராகக் காய்ச்சிய றவை சர்க்கரையைக் கெதியாக ஏற்றுகிறது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 212 காட்டியது.

விடையைச் சொன்னது நான் இல்லை, அவருடைய மனைவிதான். "அப்ப றவைப் புட்டு அவிச்சா என்ன?" என்று கேட்டார். என்ன? ஒன்றுமே இல்லை. அதே 40 கிராம் றவை, தெளித்துக் குழைக்கும் தண்ணீர் மட்டும், தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி. அந்த அளவு தேங்காய்ப்பூவில் பொட்டாசியம் 50 மில்லிகிராமைத் தாண்டாது. சம்பலுக்குப் பதில், துண்டாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து வடித்த கோவாவையும் கரட்டையும் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த பிரட்டல். வடித்த தண்ணீரோடு பொட்டாசியத்தின் நல்லதொரு பங்கு போய்விடும். அந்தத் தண்ணீரைச் சூப்பாக்கிக் குடிக்காமல் விட்டால் சரி. இந்தச் சாப்பாட்டில் சர்க்கரை 178.

இன்னுமொன்றும் மெல்ல விளங்கியது. போடியாருக்குக் கோதுமையே வேண்டியதில்லை. தீட்டிய வெள்ளைப் பச்சரிசி மாவில் அவித்த புட்டும் இடியப்பமும் இதே கணக்குத்தான். 100 கிராம் அரிசி மாவில் பொட்டாசியம் 76 அளவில், பொஸ்பரஸ் 98. தீட்டாத சிவப்பரிசி என்றால் கதை வேறு. இலங்கை கோதுமை விளைவிக்கும் நாடு இல்லை, முழுவதும் கப்பலில் வருவது. நெல் விளையும் படுவான்கரைப் போடியாரைக் கனடாவிலிருந்து வந்த கோதுமைப் பெட்டியில் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு மங்கிய தாளின் ஒற்றை வரி. இப்போது கிழமையில் நான்கு நாள் அரிசிமாப் புட்டு அல்லது இடியப்பம், மூன்று நாள் றவை. மழை நாளில் ஒரு தரம் கஞ்சி. அன்று ஒரு தேத்தண்ணி குறையும்.

மூன்றாம் கிழமை முடிவில் பொட்டாசியம் 5.0, பொஸ்பரஸ் 1.5, நிறை 57.6. மருந்தைப் பாதியாக்கியதும் உப்பை மாற்றியதும் சாப்பாட்டை மாற்றியதும் ஒரே காலத்தில் நடந்தவை. ஆகவே இறங்கிய எண்ணின் முழுப் பெருமையையும் புட்டுக்குக் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் ஆறாம் கிழமையில் வைத்தியர் லோசாட்டனைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகும் எண் 6ஐ நெருங்கவில்லை.

ஏழாம் கிழமை 5.4. மகள் பயந்துபோனாள், நானும்தான். சட்டியைப் பற்றித் திரும்பவும் துருவித் துருவிக் கேட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. இளநீர் குடிக்கிறாரா என்று கேட்டேன். சிறுநீரக வருத்தம் என்றால் உடம்புச் சூடு, இளநீர் குடித்தால் குளிரும் என்பது இங்கே எல்லோர் நம்பிக்கையும். ஒரு இளநீரில் 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் போய்விடும். இல்லை, முதல் மாதமே விட்டாயிற்று. கடைசியில் வெட்கத்தோடு போடியாரே சொன்னார்: "நாலு நாளாக் கக்கூசுக்குப் போக ஏலா மிஸ்ஸி." தவிட்டை எடுத்துவிட்டோம், பழத்தைக் குறைத்துவிட்டோம், தண்ணீரையும் அளந்துவிட்டோம். மலம் கட்டாமல் வேறு என்ன செய்யும்? சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் வெளியேறும் இன்னொரு வழி குடல். அந்த வழி அடைத்தால் உள்ளேதான் தேங்கும். வெள்ளைத் தானியத்தைப் புகழும் தாள்கள் இதைச் சொல்வதே இல்லை, எனக்கு அதில் இன்னும் கோபம். வைத்தியர் மலமிளக்கும் லக்டுலோஸ் பாணி எழுதினார். அவித்து வடித்த மரக்கறியின் அளவை மத்தியானமும் இரவும் கூட்டினோம். நாளுக்குப் பாதி அப்பிள் அல்லது ஒரு துண்டு அன்னாசி சேர்த்தோம். இரண்டு கிழமையில் 4.9.

தைப்பொங்கலுக்கு முந்திய கிளினிக் நாளில் போடியார் தானாகவே பேச்செடுத்தார். மகளை வெளியே அனுப்பிவிட்டு, மெதுவாக: "மனே, எருமைத் தயிர் ஒரு கரண்டி? பொங்கலண்டு மட்டும்." என்னை மிஸ்ஸி என்று கூப்பிடும் மனிசன் அன்றைக்கு மட்டும், மகளைக் கூப்பிடுவதுபோல, மனே என்றார். அவருடைய கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் அவருக்கு முன்னாலேயே கணக்குப் போட்டேன். பொங்கல் பானையில் பாசிப்பயறும் கஜுவும் போடாமல் வெள்ளைப் பச்சரிசியில் ஒரு சின்னக் கிண்ணம். அன்று பால் தேத்தண்ணி இல்லை, முட்டை இல்லை. அப்படியானால் தயிர் இரண்டு மேசைக்கரண்டி. "பாணி?" என்று கேட்டார். பாணிக்கு இன்சுலினிடம் கேளுங்கள் என்றேன்.

கனடாப் பெட்டியில் ஆறு சின்னப் பைக்கட் மிச்சமிருந்தது. பேரன் ரியூசன் விட்டு வந்து சுடுதண்ணி ஊற்றிக் குடிக்கிறானாம். வாழைப்பழம் வாசத்தில் ஒன்று அவனுக்குப் பிடிக்கவில்லையாம், அதைக் கோழிக்குப் போட்டுவிட்டார்கள்.